நூற்று நாற்பதாம் பக்கம் வரை

அந்த நாவலை இன்று பிரித்தாலும் தாளிலிருந்து கந்தக வாடை லேசாக எழும்பி வருகிறது. நூற்று நாற்பதாம் பக்கம் வரை ஒவ்வொரு தாளின் கீழ்மூலையிலும் ஒரு கட்டைவிரல் சாம்பல் நிறத்தில் மினுங்கிக்கொண்டு பதிந்திருக்கிறது, அதற்கப்புறம் தாள் சுத்தமாக இருக்கிறது. அலுமினியப் பவுடர் எத்தனை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கை விட்டுப் போகாது என்பது பட்டாசு வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அது என் தோழி முனீஸ்வரியின் விரல்.

ஆமத்தூரில் பத்தாவது வரை இருவரும் ஒரே பெஞ்சு. என் அம்மா நர்ஸ் என்பதால் நான் பதினொன்றாம் வகுப்புக்குப் போனேன். அவளோ, "சீசன்" முடியட்டும் என்று வீட்டில் சொன்னதால், காலை வேனில் ஏறித் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் "கம்பெனி"க்குப் போனாள். தீபாவளி லீவுக்குள் வந்தால் சேர்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அவளைத் திரும்பக் கூட்டிவந்துவிட வேண்டும் என்பதுதான் அந்த வருஷம் முழுக்க எனக்கிருந்த ஒரே கவலை. படிப்பு ஆசை விட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று, விருதுநகர்ப் பொருட்காட்சியில் வாங்கிய அந்த மொழிபெயர்ப்பு நாவலை அவளிடம் கொடுத்தேன்.

கதையில், மழையே இல்லாமல் போன ஏதோ ஒரு காலத்து ஊர். சுற்றிலும் மதில். வருஷத்துக்கொரு முறை சீட்டுக் குலுக்கி, பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வெளியே உப்புக்காட்டுக்குத் துரத்திவிடுவார்கள். நாற்பது நாள் பிழைத்துக் கிடந்தால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத் தண்ணீர் கிடைக்கும். அப்படித் துரத்தப்பட்ட கதாநாயகி, மதிலைத் தகர்க்க வெடிமருந்து கலக்குகிறாள். நான் மூன்று முறை படித்து மூன்று முறையும் அழுதிருந்தேன். முனீஸ்வரி வேனிலேயே பாதிவரை வாசித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"ஏ புள்ள, கலந்த மருந்த ராத்திரி பூரா டப்பாவுல வச்சிருந்து, காலைல இரும்புக் கரண்டிய வச்சுச் சுரண்டுறாளாம். அங்கனயே செத்துருப்பா. பெறகு எதுக்கு இம்புட்டுப் பக்கம்?"

அன்று கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும், மிஞ்சினால் கொட்டி அழித்துவிட வேண்டும், இரும்பு படவே கூடாது என்று அவள் விளக்க விளக்க எனக்குக் கோபம்தான் வந்தது. அழ வேண்டிய இடத்தில் கரண்டியைப் பார்க்கிறாளே என்று பொருமினேன். அவள் விடவில்லை.

"சீட்டு விழுந்ததுக்கு எதுக்கு இந்த அழுக அழுவுறாக? நாங்கள்லாம் வேன்ல எடம் பிடிக்க ஓடுதோம்."

பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடு என்றேன் வெடுக்கென்று. கொடுத்துவிட்டுப் போனாள். மூன்று நாள் கழித்து, பள்ளிக்குப் போகிற வழியில், நகரத் தொடங்கிய வேன் ஜன்னலிலிருந்து கத்திக் கேட்டாள்: "அவ தம்பி என்ன ஆனான்? பொழச்சானா?" கதாநாயகியின் தம்பியையும் உப்புக்காட்டுக்கு அனுப்பிய இடத்தில்தான் அவள் நிறுத்தியிருந்தாள். "பள்ளிக்கூடத்துக்கு வா, சொல்லுதேன்" என்றேன். முடிவைத் தெரிந்துகொள்வதற்காகவாவது வருவாள் என்று நிஜமாகவே நம்பினேன்.

ஐப்பசியில் ஒரு நாள் திடீர் மழையால் வேலை பாதியில் நின்றது. மறுநாள் காலை முனீஸ்வரி வேலை பார்த்த கொட்டகை வெடித்தது, அவளும் அதோடு போய்விட்டாள். கருகிய கையோடு அம்மாவின் வார்டில் கிடந்த ஒரு பெண் சொன்னதை அம்மா வீட்டில் சொல்லி அழுதாள்: "நேத்து மிஞ்சுன மருந்துங்க. அந்த முனீஸ்வரிப் புள்ள வேண்டாம்னுதான் சொன்னுச்சு. லோடு போகணும், ஆர்டர் நிக்கிதுன்னு போர்மேன் சொன்னாரு. எல்லாரும் உள்ள போனாக, அதுவும் வந்துருச்சு."

தம்பி பிழைத்துவிடுகிறான். இரண்டே சொல். வேன் தெருமுனை திரும்புவதற்குள் சொல்லியிருக்கலாம். அதை நினைக்கும்போதெல்லாம் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இப்போது விருதுநகரில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். அதே நாவலின் புதிய பதிப்பை வைத்துக்கொண்டு, "என்ன கொடூரமான கற்பனை மேடம்" என்கிறார்கள் மாணவிகள். எனக்கோ அது ரொம்பவும் இரக்கமுள்ள கதையாகப் படுகிறது. அதில் துரத்துகிறவனுக்கு ஒரு முகம் இருக்கிறது, பிள்ளைகளின் பெயரை வாசிக்கும்போது ஊரே எழுந்து நிற்கிறது, கடைசியில் இடிப்பதற்கு ஒரு மதிலும் இருக்கிறது. தாயில்பட்டிப் பக்கம் அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் வேலிக்கருவை மண்டிவிட்டது. முனீஸ்வரி வீட்டார் ஊரை விட்டே போய்விட்டார்கள்; இப்படி ஒருத்தி இருந்தாள் என்று சொல்லிக்கொள்ளக்கூட அந்தத் தெருவில் இன்று ஆளில்லை.

மாணவிகளிடம் நான் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. முனீஸ்வரியின் காரியம் முடிந்த மறுநாள் காலை, வழக்கமான நேரத்துக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது. எட்டாவது படித்துக்கொண்டிருந்த அவள் தங்கை சோற்றுத் தூக்கோடு வந்து ஏறிக்கொண்டாள். தெருவில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற நானும் தடுக்கவில்லை.