ஒரு கல் உப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் நாய் வைத்தியத்துக்குக் கைராசிக்காரர் என்று எங்கள் ராஜபாளையம் வரைக்கும் பேர். பஞ்சு ஏற்றும் டெம்போவில் கெஞ்சி இடம் வாங்கி எங்கள் வெள்ளை நாயைக் கொண்டுபோயிருந்தேன். வாயைத் திறந்து மோந்து பார்த்தார், இடுப்பை அமுக்கிப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

“கிட்னி போச்சும்மா. மருந்தைவிடச் சாப்பாடுதான் முக்கியம். குழைய வடிச்ச சோறு, முட்டை வெள்ளைக்கரு, வேகவெச்ச சுரைக்காய். கறி, எலும்பு, கருவாடு கண்ணுல காட்டக் கூடாது. உப்பு ஒரு கல்லுகூட ஆகாது.”

ஏழு மாதத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு டாக்டர் என் மாமனாருக்கும் இதையேதான் சொன்னார். அந்த மனுசனுக்கு நாலு மாதம் நான்தான் உப்பில்லாமல் சமைத்துப் போட்டேன். போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகிறது. இது அவருடைய நாய்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் முகம் வெளுத்துவிட்டது. “உப்பில்லாச் சோறு செத்தவியளுக்கு வைக்கிறது. உசுரோட இருக்கிற சீவனுக்கு வைப்பாவளா, ஏட்டி?”

“அத்தை, கிறுக்குத்தனமாப் பேசாதிய. நாய் பிழைக்கணுமா வேண்டாமா?”

எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிழைக்கணும் என்பதில் ரெண்டு பேருக்கும் ஒரே மனசுதான். என் வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை; அந்த வீட்டில் மாமா மிச்சம் வைத்துவிட்டுப்போன உயிர் அது ஒன்றுதானே.

மூன்று நாள் நாய் தட்டைத் தொடவில்லை. மோந்து பார்க்கும். முன்னங்காலால் தட்டைச் சுவர்ப்பக்கம் தள்ளும். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். மாமாவும் அப்படித்தான். இடக்கையால் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். “ஒரு கல்லு போடும்மா, யாருக்குத் தெரியப்போவுது?” என்று கேட்பார். நான் போட மாட்டேன். நாய் தட்டைத் தள்ளுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாய்க்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. எங்கள் ஊர் வெள்ளை நாய்களில் பலதுக்கு அப்படித்தான். மாமா அதைக் கூப்பிட வேண்டுமானால் ஊன்றுகோலால் சிமெண்டுத் தரையில் மூன்று தட்டுத் தட்டுவார். தரையின் அதிர்வு காலில் பட்டதும் எங்கே கிடந்தாலும் ஓடிவரும். அவர் போனபின் அந்தக் கோலைப் பரணில் போட்டுவிட்டோம்.

நாலாம் நாள் மத்தியானம் மாமியார் அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தார். தட்டை வைத்துவிட்டு நின்றேன். நாய் வழக்கம்போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. திடீரென்று தலையைத் தூக்கி, மாமாவின் கட்டில் கிடந்த மூலையைப் பார்த்தது. வாலை ஆட்டிக்கொண்டே அங்கே போய், தரையில் தலை வைத்துச் செத்த நேரம் படுத்திருந்தது. எழுந்து வந்து, தட்டைத் துடைத்தாற்போல் தின்றது.

எனக்கும் உள்ளங்காலில் ஒரு அதிர்வு தெரிந்தது. பக்கத்து மில் மிஷின்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு மில்லுக்கு வார லீவு என்பது சாயங்காலம்தான் நினைவு வந்தது. அம்மாடி, அன்று விளக்கு வைத்தபிறகு நான் அந்த அறைப்பக்கமே போகவில்லை.

அதற்குப்பிறகு தினமும் தின்றது. தின்னத் தின்ன இளைத்தது. மூன்று வாரம் கழித்து மறுபடி டெம்போ, மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உப்பு போடுறீங்க. வாயில்லா ஜீவனை ஏம்மா கொல்லுறீங்க?”

கோபத்தில் காது சுட்டது. வீட்டுக்கு வந்ததும் காலையில் வைத்த தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது.

அன்று மாமியாரை நான் பேசிய பேச்சு இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவர் விளக்கின்மேல் கை வைத்து, “நான் போடலத்தா” என்றார், அவ்வளவுதான். நான் நம்பவில்லை. உப்பு ஜாடியை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். எங்கள் குழம்புக்கு எடுக்கும்போது மட்டும் திறப்பேன்.

மறுநாள் நாய் தின்று முடித்த தட்டைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

சாவி என் இடுப்பில். வீட்டில் வேறு யாரும் இல்லை. மூலையில் படுத்திருந்த நாய் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் யாரையோ பார்த்து வாலாட்டியது.

அதற்கடுத்த நாள் குழம்பைக் கொதிக்கவிட்டு, நாய்ச் சோற்றைத் தட்டில் பிசைந்துகொண்டிருந்தேன். மாமியார் பின்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கைய விரி.”

விரித்தேன். சோற்றுப் பருக்கைகளோடு மூன்று கல் உப்பு.

எடுத்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. குழம்புக்கு அள்ளிய கை அப்படியே தட்டுக்கு வந்திருக்கிறது.

“கோயிலுக்குப் போயிட்டு வந்த மறுநாளே பாத்துட்டேன்” என்றார் மாமியார். “அவியதான் ஒங்கையப் புடிச்சிப் போடுதாவன்னு நெனச்சேன். செத்தவிய ஆசைக்குக் குறுக்க நிக்கக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டேன். நீ ஏசினப்பவும் சொல்லல. ஆனா நாய் செத்துப்போவுமே, ஏட்டி. அவியளுக்கே அது பொறுக்காது.”

அன்றிலிருந்து தட்டு அவர் பொறுப்பு. உப்பில்லாச் சோறு கூடாது என்றவர், அதையே குழைய வடித்து, சுரைக்காய் பிசைந்து, வெதுவெதுப்பாக வைத்தார். வைத்துவிட்டுத் தரையில் காலால் மூன்று தரம் மிதிப்பார். நாய் எழுந்து வந்து முகம் சுளிக்காமல் தின்னும். அப்புறம் ஒன்பது மாதம் இருந்தது. ஒருநாள் காலையில் அந்த மூலையிலேயே தூக்கத்தில் போயிற்று.

மாமாதான் வந்தார் என்று மாமியார் கடைசிவரை சொன்னார். கைப்பழக்கம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பழக்கம்தான் என்றால், அந்த மனுசன் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்ட நாலு மாதத்தில் ஒரு நாளாவது இந்தக் கை தவறியிருக்க வேண்டுமே. தவறவில்லை.