முதலாளியின் வயிறு

காலையில் தையலக்கா ஜன்னலைத் திறந்ததும் கண்ணில் பட்டது முதலாளியின் வயிறுதான். எலுமிச்சம்பழத்தை முழுசாக விழுங்கியது போல உப்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது.

முதலாளி என்பது அவர்கள் வீட்டுத் தங்கமீன். வேலைவெட்டி இல்லாமல் கண்ணாடி மாளிகையில் உலாத்துகிறதே என்று புருஷன் வைத்த பேர். அது அவர் வாய் நன்றாக இருந்த காலத்தில். பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. பஸ் ஓட்டிய வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. கட்டிலை ஒட்டியிருக்கும் தொட்டியைப் பார்க்கத்தான் தினமும் எழுந்து உட்காருகிறார். உட்கார்ந்தால்தான் சாப்பாடு. தட்டில் மிச்சம் வைப்பதில்லை. ஆனாலும் போன வாரம் நர்ஸ் எடை பார்த்துவிட்டு, நாலு கிலோ குறைந்திருக்கிறது என்றாள். சாப்பிடுகிற மனுஷன் ஏன் இளைக்கிறார் என்று தையலக்காவுக்கு விளங்கவில்லை.

இன்றைக்கு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். முதலாளி போனால் இவரும் எழுந்திருக்க மாட்டார்.

மாடியிலிருந்து இறங்கிய நாத்தனார் தொட்டியை எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, முதலாளி முழுகாம இருக்காரா?"

"வாயைக் கழுவுடி. நீதான் கண்டதையும் போட்டியா?"

"நானா? எனக்கே ஒருத்தரும் ஒரு வாய் போட மாட்டேங்கறாங்க!"

தையலக்கா அளவு நாடா கழுத்தில் தொங்க, வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினாள்.

"செதில் எப்படிம்மா இருக்கு?" என்றார் கடைக்காரர். "அன்னாசித் தோல் மாதிரி சிலுப்பிக்கிட்டு நிக்குதா?"

"இல்லண்ணே, படிஞ்சுதான் இருக்கு."

"அப்ப வழி இருக்கு. மூணு நாள் பட்டினி போடுங்க. இது எப்சம் உப்பு, பேதிக்குக் குடுக்கறது, சமையல் உப்பு இல்ல. தொட்டித் தண்ணியே அஞ்சு லிட்டர் எடுத்து, ஒரு பெரிய ஸ்பூன் கரைச்சு, கால் மணி நேரம் விடுங்க. அதுக்கு மேல வேண்டாம். ஆமா, தினம் எவ்வளவு தீனி போடுறீங்க?"

"ஒரு சிட்டிகைதாண்ணே."

"ஒரு சிட்டிகைக்கு இப்படி ஊதாதும்மா. வேற யாரோ கவனிக்கிறாங்க."

வீட்டுக்கு வந்து வாளியில் உப்பைக் கரைத்து மீனை விட்டாள். கண் கடிகாரத்தில், உதட்டில் ஜெபம். ஏழாவது நிமிஷம் அது புரண்டு செவுள் அசையாமல் கிடந்தது. "ஆண்டவனே, எடுத்துடாதே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். கட்டிலில் அவர் முதுகு ஒருமுறை குலுங்கியது. பிறகு செவுள் மெதுவாகத் திறந்து மூடியது.

கால் மணி முடிந்ததும் மீனைத் திரும்ப விடத் தொட்டி மூடியைத் தூக்கினாள். கட்டில் பக்க விளிம்பில் ரொட்டித் துணுக்குகள் ஊறி ஒட்டியிருந்தன. மீனை உள்ளே விட்டுவிட்டு ஒன்றைக் கிள்ளிப் பார்த்தாள்.

இடது கையால் சிந்திச் சிந்திச் சாப்பிடுவதைப் பார்த்தால் கூச்சப்படுவாரே என்று, தட்டை வைத்ததும் அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு தைக்க உட்கார்ந்துவிடுவாள். அவள் மிஷின் சத்தம் நிற்பதற்குள் தட்டு காலியாகிவிடும்.

"நீங்களா போட்டீங்க?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "இறங்கல... தொண்டைல. நீ... பயப்படுவே."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அப்படியே ஆஸ்பத்திரிக்கு நடந்து, நர்ஸிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். "ரொட்டி வேண்டாம்மா" என்றாள் நர்ஸ். "எதையும் கூழா மசிச்சுக் குடுங்க. நிமிர்ந்து உட்காரணும், தாடையைக் கீழ இறக்கிக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா விழுங்கணும். பக்கத்துல இருந்து பாருங்க. நாளைக்கு டாக்டரும் பார்க்கட்டும்."

மூன்று நாளும் வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கூழை இரண்டு வாய்க்கு மேல் அவர் வாங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் தையலக்கா தொட்டியருகே குனிந்தவள், "நூல் விட்டுட்டாரு!" என்று கூவினாள். வெள்ளை நூலாக, அரை முழத்துக்கு, முதலாளி பின்னால் இழுத்துக்கொண்டு நேராக நீந்தினார். கழிவைப் பார்த்து அப்படி யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் பச்சைப் பட்டாணி வேகவைத்துத் தோலுரித்தாள். குண்டூசித் தலை அளவு முதலாளிக்கு. மீதியைக் கூழாக மசித்துக் கட்டிலருகே வந்தாள். அவர் தானாகவே எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல... அவன்."

"அவனுக்கு ஆச்சு. இப்ப உங்க முறை. தாடையை இறக்குங்க."

தையல் மிஷின் இப்போது கட்டிலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதில் கை வைக்காமல், ஒவ்வொரு வாயும் அவர் தொண்டையில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.