வயிற்றிலேயே வாங்கிய ஊசி

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. இதை எழுத ஆரம்பித்ததிலிருந்தே எழுந்து போய் ஃபேனை நிறுத்துவதும், வியர்க்கிறது என்று மறுபடி போடுவதுமாக இருக்கிறேன். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன், என் முழங்கால் ஆடுகிற ஆட்டத்தில் தூக்கமே போகிறது என்று சொல்லிவிட்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டான். மறதியும் அப்படித்தான். ஒருவர் பெயரைக் கேட்டு, சிரித்து, கை கொடுத்துத் திரும்புவதற்குள் பெயர் போய்விடும். மணிமங்கலத்தில் இருக்கிற அம்மாவைப் பார்க்கக் கிளம்பி, ஊருக்குப் பிரிகிற திருப்பத்தைத் தாண்டிப் படப்பை கடைத்தெருவரை போய், எதற்கு வந்தோம் என்று வண்டியை ஓரங்கட்டி யோசித்தவன் நான்.

அம்மாவுக்கு இதிலெல்லாம் கவலையே கிடையாது. நான் உயிரோடு நடமாடுவதே அவளுக்குப் பெரிய விஷயம். என்னைச் சுமந்திருந்தபோது ஏழாம் மாதத்திலேயே அவளுக்கு வலி வந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்ததும், குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரட்டும் என்று அவளுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் பிறந்தேன். இந்தக் கதையை அவள் சொல்லாத ஆள் இல்லை. எனக்குப் பெண் பார்க்க வடக்குப்பட்டுக்குப் போன இடத்தில்கூட, "வவுத்துல இருக்கசொல்லவே ஊசி வாங்கினவன் எம்புள்ள" என்று நான் என்னமோ மெடல் வாங்கியவன் போல ஆரம்பித்துவிட்டாள். பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் மட்டும் சிரித்தாள். அவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

அந்த ஊசியை நான் பெரிதாக நினைத்ததே இல்லை. ஒருநாள் பஸ்ஸில் போனைத் தள்ளிக்கொண்டே போனபோது ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. கருவில் இருக்கும்போது ஸ்டீராய்டு பட்ட எலிகளுக்கு, வளர்ந்து பெரிதான பிறகும் மூளையில் டோபமைன் வேறு மாதிரி வேலை செய்கிறதாம். டோபமைன் என்பது மூளையில் சுரக்கிற ஒன்று. ஒன்றின்மேல் ஆசை வருவதற்கும், மனம் ஒன்றில் நிற்பதற்கும், கற்றது தங்குவதற்கும் அது வேண்டும். அந்த எலிகள் பழகிய இடத்தையே மறந்து தடுமாறுகின்றன என்று எழுதியிருந்தது. மனிதர்களுக்கும் இப்படித்தானா என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தது. அதையும் படித்தேன். படித்துவிட்டுத் தள்ளிவிட்டேன்.

எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது, அது போதும் என்றிருந்தது. அன்றிலிருந்து சாவி தொலைந்தால் ஊசி, சூப்பர்வைசரிடம் எரிந்து விழுந்தால் ஊசி. குழம்பில் உப்பு கூடிவிட்டால், இதுக்கும் ஊசிதானா என்று என் மனைவி கிண்டல் செய்வாள். நானும் சிரிப்பேன். உள்ளே கோபம்தான். நான் கண் திறப்பதற்கு முன்னாலேயே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் மூளைக்குள் கையை விட்டுவிட்டார்கள் என்று கோபம். அம்மா பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் அந்தக் கோபம் கூடியது.

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. லைனில் மணிக்கொரு தரம் மெஷினைப் பார்த்து, காற்றழுத்தம் சரி, ஆயில் சரி என்று செக் ஷீட்டில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் மணிக்கொரு தரம் போடுவதில்லை. ஷிப்ட் ஏறியதும் சாயங்காலம் வரைக்குமான கட்டங்களை ஒரே மூச்சில் நிரப்பிவிட்டுத்தான் மெஷினையே தொடுவோம். ஆடிட் வருகிற நாளில் மட்டும் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். பார்க்கிறதுக்கு முன்னால் கையெழுத்து என்பது எங்கள் ஆட்களுக்குக் கையில் ஊறிப்போன பழக்கம். மறதிக்காரனான எனக்கு அது நிம்மதியும்கூட.

மனைவிக்கு எட்டாம் மாதம் பிறந்திருந்த சமயம். எங்கள் போன் எல்லாம் லாக்கரில் இருக்கும் என்பதால் சூப்பர்வைசரே லைனுக்கு வந்து சொன்னார். அவளுக்கு வலி வந்து, பக்கத்துப் போர்ஷன் அக்கா பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, கூட வேலை செய்கிறவனின் பைக்கை வாங்கி, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போய்ச் சேர்ந்தேன். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. அவளை எட்டிப் பார்ப்பதற்குள் சிஸ்டர் சில தாள்களை நீட்டி, ஊசி போடணும், கையெழுத்துப் போடுங்க என்றார். பென்சிலில் பெருக்கல் குறி இருந்த இடத்தில் எல்லாம் மளமளவென்று போட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு நகர்ந்த பிறகுதான் என்ன ஊசி என்று கேட்கத் தோன்றியது.

"ஸ்டீராய்டுங்க. பாப்பாவோட லங்ஸுக்கு."

தாளைத் திருப்பிக் கேட்டேன். படிச்சிட்டுத்தானே போட்டீங்க என்றார் சிஸ்டர். இல்லை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனார்.

டாக்டரம்மா வந்ததும் எலி, டோபமைன், என் மறதி, என் முழங்கால் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். எலிகளுக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவில், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள் என்றார். மனிதர்களிலும் பின்னாளில் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஒன்றுமே ஆகாது என்று சத்தியம் செய்ய முடியாது, அதனால்தான் குழந்தை சீக்கிரம் வந்துவிடும் என்று தோன்றினால் மட்டும் போடுகிறோம் என்றார். முதிராத நுரையீரலோடு பிறந்தால் என்ன ஆகும் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை, ஊசி முழுசாக வேலை செய்ய ஒரு நாளாவது ஆகும் என்றார். பிறகு, உங்களுக்கு என்ன ஷிப்ட் என்று கேட்டார். வாராவாரம் மாறும் என்றேன். வாராவாரம் தூக்கம் மாறுகிறவருக்கு மறதி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம், உங்கள் மறதி எதனால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, மனைவியிடம் பேசிவிட்டுச் சீக்கிரம் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

மனைவியிடம் போகாமல் கீழே இறங்கினேன். டீ வாங்கி, குடிக்காமல் அங்கேயே வைத்துவிட்டு மேலே வந்தேன். அம்மாவுக்குப் போன் போட்டு, அவள் எடுப்பதற்குள் கட் செய்தேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரியும். மறுபடி இறங்கினேன். குழந்தை மூச்சு விட முடியாமல் நீலம் பாய்ந்து கிடப்பது போல ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் அதே குழந்தை வளர்ந்து வகுப்பில் எழுந்து நின்று, நேற்று மனப்பாடம் செய்ததெல்லாம் துடைத்துப் போய்விட்டதே என்று முழிப்பது போலத் தோன்றியது. அப்படி நின்றவன் நான். மற்றப் பிள்ளைகள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது, அது மட்டும் மறக்கவில்லை. என்னைப் போல ஒரு பிள்ளை வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

வேறு வழியில்லாமல் வார்டுக்குள் போனேன். கையில் டிரிப்ஸோடு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சிஸ்டர் அதற்குள் சொல்லியிருந்தார்.

"கையெழுத்தத் திருப்பிக் கேட்டியாமே மாமா?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் கால் ஆடி ஆடிக் கட்டில் இரும்பில் இடித்துக்கொண்டிருந்தது. நடுவில் அவளுக்கு ஒரு வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு என் சட்டையைப் பிடித்தாள். அது அடங்கியதும் சட்டையை விடாமலே கேட்டாள்.

"புள்ள உன்ன மாதிரி ஆயிடும்னு பயந்துகினு கீறியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ஆவட்டுமே. நான் இன்னா உன்ன வேணாம்னா சொன்னேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னிடம் எது குறைகிறது என்று மட்டுமே இத்தனை நாளும் நோண்டிக்கொண்டிருந்தேன். அந்தக் குறையோடு சேர்த்தே ஒருத்தி என்னோடு சிரித்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறாள் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சிஸ்டரைக் கூப்பிட்டு ஊசியைப் போடச் சொல்லிவிட்டாள். தாளை வாங்கி, இந்தத் தடவை ஒவ்வொரு வரியாக அவளுக்கும் படித்துக் காட்டினேன். போதும் மாமா, ஊசி ஆறிப்போயிடும் என்றாள்.

மறுநாள் அதே மருந்தில் இரண்டாவது ஊசியும் போட்டு, சில நாள் தாக்குப்பிடித்த பிறகுதான் பிரசவம் ஆனது. அதற்குள் எனக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். லேபர் வார்டு கதவுக்கு வெளியே நடந்து நடந்து, டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். மூளை எப்படி இருக்கிறது, பின்னால் தெரிய வருமா, எத்தனை வயதில் தெரியும், ஸ்கேன் எடுக்கலாமா. கதவு திறந்தது. டாக்டரம்மா முகத்திலிருந்து மாஸ்க்கை இறக்கினார்.

"பொண்ணு. ரொம்பச் சின்னதாதான் இருக்கா. ஆனா தானாவே மூச்சு விடுறா."

அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.