லேபிள் இல்லாத கேசட்

வீடியோ வாடகைக் கடையில் கொடுப்பது ஒரு வேலையே இல்லை. கொடுத்ததைத் திரும்பக் கண்ணால் பார்ப்பதுதான் வேலை. எஸ்.டி.டி. பூத், பிரவுசிங் சென்டர், ஃபிலிம் கழுவும் ஸ்டுடியோ என்று ஏதாவது ஒன்றை வைத்து மூடியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம். சிதம்பரத்தில் நானும், கடலூரில் என் மனைவியின் தம்பி ராஜவேலுவும் ஆளுக்கொரு கடை வைத்திருந்தோம். இங்கே எல்லோரும் பார்த்துவிட்ட கேசட்டுகள் பையில் ஏறி பஸ்ஸில் கடலூர் போகும். அங்கே அலுத்தவை இங்கே வரும். ராஜவேலு தன் கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறான். சென்ற மாதம் என் கடையையும் காலி செய்தேன். அதற்குள் ஒரே ஒரு கேசட் திரும்பி வந்துவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு. அது கடையின் கேசட்டும் இல்லை.

கரண்ட் போனது

அப்போதெல்லாம் கேசட் போட்டுப் பார்க்கும் டெக் எல்லா வீட்டிலும் கிடையாது. டி.வி.யையும் டெக்கையும் சேர்த்து நாங்களே ஒரு நாள் வாடகைக்கு விடுவோம். லால்பேட்டையிலிருந்து ஜெய்னப் என்ற பெண்ணின் வீட்டார் எடுத்துப் போனார்கள். அவளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை துபாய்க்குப் போன பிறகுதான் கல்யாண கேசட் கைக்கு வந்திருந்தது. வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பெண்ணுக்கு மருதாணி வைப்பது வரை ஓடியது. கரண்ட் போய்விட்டது. டிரான்ஸ்பார்மர் கோளாறு, மறுநாளும் வரவில்லை.

கரண்ட் இல்லாவிட்டால் டெக் கேசட்டை வெளியே தள்ளாது. வாடகை நாள் முடிந்ததால் கேசட்டோடு டெக்கை அப்படியே காரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சிதம்பரம் வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று ஜெய்னப்பின் அப்பா, அவள் வாயில் அத்தா, நினைத்திருக்கிறார். உள்ளே கேசட் இருப்பதை கார் டிரைவர் சொல்லவில்லை. அன்று நான் வெளியே போயிருந்தேன், என் கடையில் ராஜவேலு இருந்தான். டெக்கிலிருந்து வந்த கேசட்டை, காலியாக இருந்த ஒரு சண்டைப் பட அட்டைக்குள் போட்டு, கடலூர்ப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். வெள்ளிக்கிழமை அவர் வந்து நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. போன் போட்டுக் கேட்டேன். ராஜவேலு சொன்னான்:

"லேபிள் உரிஞ்ச கேசட்டுன்னு நெனச்சேன் மாமா. நம்ம கடையில எதுலதான் லேபிள் இருக்குது?"

சண்டைப் படம்

அந்த அட்டையை முதலில் எடுத்துப் போனவர் குடிகாட்டிலிருந்து வந்த ஒரு கம்பெனி ஆபரேட்டர். நியாயமான மனிதர். பாதியில் நிறுத்தவில்லை, மூன்று மணி நேரமும் பார்த்திருக்கிறார். மறுநாள் கடலூர்க் கடைக்கு வந்து, கோபமில்லாமல்தான் கேட்டார்:

"பொண்ணு வந்துச்சி, மாப்ள வந்தாரு, பிரியாணி போட்டு எல்லாரும் கை கழுவியும் ஆச்சி. சண்ட எப்பங்க வரும்?"

மில் கணேசன்

ராஜவேலு அவருக்கு வேறு படம் கொடுத்து அனுப்பிவிட்டு, அந்த கேசட்டை மறக்காமல் தனியே எடுத்து வைத்தான். தனியே என்றால் கடை வாசலில் இருந்த ஸ்டூல் மேல். நான் போன் செய்வதற்குள், சண்டைப் படம் என்று அட்டையைப் பார்த்து இன்னொருவர் எடுத்துக்கொண்டு நோட்டில் எழுதிவிட்டுப் போயிருந்தார்: 'கணேசன், மில், நெல்லிக்குப்பம்.' அவ்வளவுதான் விலாசம்.

அவர் திரும்பி வரவில்லை. நானும் ராஜவேலுவும் நெல்லிக்குப்பம் சர்க்கரை மில்லுக்குப் போனோம். கரும்பு டிராக்டர்களுக்கு நடுவில் நின்று போகிற வருகிறவர்களையெல்லாம் விசாரித்தோம். டீக்கடையில் ஒரு பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்:

"ஷிப்டுக்கு நாலு கணேசன் இருக்கானுவோ. உங்களுக்கு எந்த ஷிப்டு வேணும்?"

வருடத்துக்கு ஒரு முறை

அடுத்த வருடம் ஜெய்னப்பின் அத்தா காலமானார். வீட்டில் அவருடைய போட்டோக்கள் உண்டு. எல்லாவற்றிலும் விறைப்பாக நிற்பார். அவர் நடப்பதும் பேசுவதும் சிரிப்பதும் இருந்தது அந்த கேசட்டில் மட்டும்தான். வீடியோ எடுத்தவர் மூல கேசட்டில் அதற்குள் வேறு யாருடைய கல்யாணத்தையோ எடுத்துவிட்டார்.

பெருநாள் துணி எடுக்க சிதம்பரம் வரும்போதெல்லாம் ஜெய்னப் கடைக்கு வந்து கேட்டுவிட்டுப் போவார். ஒரு முறைகூடத் திட்டியதில்லை. திட்டினால் பதில் சொல்லலாம். ஒரு வருடம் அலமாரிகளை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கேசட்டு போயி சி.டி. வந்துருச்சி. சி.டி. போயி இப்ப செல்லுலயே பாக்குறாங்க. எங்க அத்தா மட்டும் இன்னும் நெல்லிக்குப்பத்துலயே இருக்காங்கண்ணே."

சும்மா கேட்க வருபவர்

கடைசி ஐந்தாறு வருடங்களில், பழைய கேசட்டுகளை பென் டிரைவில் ஏற்றித் தருவதுதான் பிழைப்பு. படம் கேட்டு வந்தவர் ஒருவர்தான். தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்றவர். தினமும் சாயங்காலம் வருவார். மகன் வாங்கித் தந்த செல்போனை என்னிடம் நீட்டுவார். நான் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒரு படத்தைச் சொல்வேன். வீட்டுக்குப் போய் அதைப் பார்ப்பார். இதற்கு நான் எதற்கு, அதுவே 'உங்களுக்குப் பிடிக்கும்' என்று வரிசையாகக் காட்டுகிறதே என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது எல்லாத்தயும் பாரு பாருங்குது. 'இது வேணாம் சார், உங்களுக்குத் தூக்கம் வந்துடும்'னு சொல்றதுக்கு நீதான இருக்க."

திருப்பித் தரவும்

காலி செய்வதென்று முடிவானதும் ஒரு அட்டையில் எழுதி மாட்டினேன்: 'கடை மூடப்படுகிறது. எங்கள் கேசட், சி.டி. இருந்தால் தந்துவிடவும். ஒரு கேள்வியும் கேட்கமாட்டோம்.' ராஜவேலு அதைப் படமெடுத்து, தான் இருக்கும் அத்தனை வாட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்பினான். 'கணேசன், மில்' என்று கீழே தனியாக ஒரு வரி சேர்த்திருந்தான்.

கடை திறந்த காலத்தில்கூட அப்படிக் கூட்டம் வந்ததில்லை. எதிர்த் தெருவில் எப்போதோ மூடிப்போன கடையின் சி.டி.க்களையும் என்னிடமே கொடுத்தார்கள். ஒரு அம்மா வெறும் பெட்டிகளாக ஆறு கொண்டுவந்து அடுக்கினார். ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று எழுதியிருந்தேன். ஆனாலும் அவரைப் பார்த்தேன்.

"டிஸ்க்கெல்லாம் கொய்யா மரத்துல தொங்குதுங்க, அணிலு வராம இருக்க. நல்லா வேல செய்யுது, அத மட்டும் கேக்காதீங்க."

மஞ்சள் பை

காலி செய்ய இரண்டு நாள் இருந்தது. மில்லில் ஓய்வு பெற்ற கணேசன் மனைவியோடு வந்தார். மகனின் செல்போனில் அந்தச் செய்தியைப் பார்த்திருக்கிறார். மஞ்சள் பைக்குள் ஒரு பழைய டெரிகாட்டன் சட்டை, சட்டைக்குள் கேசட். திருப்பித் தரத்தான் அன்றே கிளம்பினாராம். மனைவி செல்வி விடவில்லையாம். தன் அண்ணன் வீட்டு டெக் பழுதாகும் வரை செல்வி அதை எத்தனை தடவை பார்த்தார் என்று கணக்கில்லை. அப்படி என்ன இருந்தது அதில் என்று கேட்டேன். செல்வி கூச்சப்பட்டார். பிறகு சொன்னார்:

"பொண்ணோட அப்பா எல்லாத்தயும் 'சாப்புடுங்க, சாப்புடுங்க'ன்னு உக்கார வெக்கறாரு. கடேசி வரைக்கும் அவுரு சாப்புடவே இல்ல, படம் முடிஞ்சிடுது. இத எப்பிடிங்க திருப்பிக் குடுக்கறது?"

மிச்சம்

ஜெய்னப் மறுநாள் காலையில் கல்லூரி முடித்த மகளோடு வந்தார். செல்வியையும் வரச் சொல்லியிருந்தேன். விற்காமல் வைத்திருந்த கடைசி டெக்கில், நாடாவில் பூத்திருந்த பூஞ்சையைத் துடைத்துவிட்டு, கேசட்டை முதலிலிருந்து போட்டேன். மருதாணி வந்தது. மகள் தன் அம்மாவின் சடையைப் பார்த்துச் சிரித்தாள். கரண்ட் போய்விட்டது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கடையைக் காலி செய்ய வந்திருந்த ராஜவேலு மின்வாரியத்துக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. செல்விதான், அணைந்த டி.வி.யைப் பார்த்தபடியே, அடுத்தது என்ன வரும் என்று சொல்ல ஆரம்பித்தார். இப்போது வெள்ளைச் சட்டையில் அத்தா வருவார், துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றுவார், நாலு பேர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டை ஒரு பையன் சாய்த்துவிடுவான், அவர் திட்டாமல் அவன் தலையைத் தட்டுவார். ஜெய்னப் நாற்காலியை செல்வியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பக்கத்துக் கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஒயர் இழுக்கட்டுமா என்று கேட்டேன். ஜெய்னப் வேண்டாம் என்று கையை ஆட்டினார்:

"இருங்கண்ணே, கரண்டு மெதுவா வரட்டும். நீங்க சொல்லுங்கக்கா, தட்டு சாஞ்சதும் எங்க அத்தா என்ன சொன்னாங்க?"

நினைத்த நொடியில் எந்தப் படத்தையும் பார்த்துவிடலாம் என்கிற இந்தக் காலத்தில், ஒரே படத்துக்கு, கல்யாணப் பெண்ணின் மகள் கல்லூரி முடிக்கும் அளவுக்கு இடைவேளை விட்ட கடை என்ற பெயரோடு நான் தொழிலை முடித்துக்கொண்டேன்.