ஞாயிற்றுக்கிழமை மாணவி

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியின் பின்புறத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் மகள் மதுமிதா அங்கே இரண்டாம் வருடம் படிக்கிறாள். 'நீ சும்மாதானேம்மா இருப்ப, வாயேன்' என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வாரம் ஒரு பத்தி எழுதுகிறவள் சும்மா இருப்பவள் என்பது எங்கள் வீட்டில் என்றைக்கோ முடிவாகிவிட்ட விஷயம்.

பக்கத்தில் இன்னொரு பெண்ணும் நறுக்கிக்கொண்டிருந்தாள். மதுவைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். சும்மா பேச்சு கொடுப்போமே என்று, "எந்த டிபார்ட்மென்ட்மா?" என்று கேட்டேன்.

கத்தி நின்றது. கொஞ்சம் யோசித்தாள்.

"லைன் மூணுக்கா."

எனக்குப் புரிய சிறிது நேரம் பிடித்தது. சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், மூன்றாம் உற்பத்தி லைனில் வேலை செய்கிற பெண் அவள். பெயர் இசக்கியம்மாள். ஊர் சங்கரன்கோவில் பக்கம். கம்பெனி பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் இருக்கிறாள். நான் தடுமாறி ஏதோ சமாளிக்கப் பார்த்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"என்னைய காலேஜ் பிள்ளைன்னு நெனச்சியளாக்கா?" என்றாள்.

ஆமாம் என்றேன். சிரித்தாள். மிச்சமிருந்த காய் முழுவதையும் அந்தச் சிரிப்போடே நறுக்கி முடித்தாள்.

இவள் எப்படி அங்கே வந்தாள்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மதுவும் அவள் தோழிகளும் ஒரு மன்றம் வைத்திருக்கிறார்கள். ஆரம்பித்தது ஒரு சின்ன அலமாரியில். விடியற்காலை பஸ் பிடித்து, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்காக வராந்தாவில் வாழைப்பழம், கடலை உருண்டை, சுண்டல் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பிறகு மெஸ் கழிவை எருவாக்கி, காலேஜ் ஹாஸ்டலுக்குப் பின்னால் கீரையும் காயும் போட்டார்கள். காய் நன்றாகவே காய்த்தது. அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். தோட்டத்துக் காய், மெஸ்ஸில் வீணாகப் போகிற காய்... எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாடு. நம் வயதுப் பெண்கள் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்களே, அவர்களையும் கூப்பிடலாமே என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள்.

வந்தார்கள். முதல் வாரம் இசக்கியும் வந்தாள். இரண்டாம் வாரம் வரவில்லை.

மது விடவில்லை. ஹாஸ்டல் வாசலுக்கே போய்க் கேட்டிருக்கிறாள். இசக்கி கோபப்படவில்லையாம். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாளாம்.

"வரிசைல நின்னு தட்டுல வாங்க எங்க ஹாஸ்டலே இருக்கு. அங்கன போட்டோ எடுக்கதில்ல."

மது வீட்டுக்கு வந்து இதை அப்படியே என்னிடம் சொன்னாள். நல்லதுதானே செய்கிறோம் என்ற நினைப்பில் இருக்கும்போது இப்படி ஒரு வார்த்தை விழுந்தால்... வலிக்காதா? வலித்தது. ஆனால் அடுத்த வாரம் வரிசை இல்லை, போட்டோ இல்லை. எல்லோரும் சேர்ந்து நறுக்கி, சேர்ந்து சமைத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இசக்கி திரும்ப வந்தாள். இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

கம்பெனி ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி என்று அவளிடம் கேட்டேன். குறை சொல்லவில்லை.

"வயிறு ரொம்பும்க்கா. என்ன சாப்பிட்டோம்னு பொறவு யோசிச்சா ஞாபகம் வராது."

சாப்பாடு முடிந்ததும் மற்ற பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து போன் பேசப் போனார்கள். இசக்கி போகவில்லை. மதுவிடம் ஒரே ஒரு கிளாஸ் ரூமைக் காட்ட முடியுமா என்று கேட்டாள். நானும் கூடப் போனேன்.

பூட்டாத ஒரு அறை கிடைத்தது. உள்ளே போனவள் முன் வரிசைக்குப் போகவில்லை, கடைசிக்கும் போகவில்லை. நடுவில் ஜன்னலோரமாக ஒரு பெஞ்ச் பார்த்து உட்கார்ந்தாள். முன்பே இடம் பார்த்து வைத்திருந்த மாதிரி இருந்தது. மேஜையில் யாரோ கீறி வைத்திருந்த பெயர்களை விரலால் தடவினாள். ஃபேன் போட்டுக்கலாமா என்று கேட்டாள். போட்டோம். கரும்பலகையில் பாதி அழித்த ஏதோ ஒரு சூத்திரம். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவளாம். உணவு, ஊட்டச்சத்து சம்பந்தமாக டிகிரி படிக்க ஆசை. ஒரே ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டுக் காலேஜில் சேர்ந்துவிடலாம் என்று ரயில் ஏறினாள்.

"அந்த ஒரு வருஷம் இன்னும் முடியலக்கா" என்றாள்.

ஷேர் ஆட்டோ வரும் நேரம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

நல்லது எதுவும் இங்கே ஒரு சுற்றறிக்கை வரும் வரைதானே? வந்தது. அடையாள அட்டை இல்லாத வெளியாட்கள் வளாகத்துக்குள் வரக்கூடாது. கல்லூரியையும் குறை சொல்ல முடியாது. பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம், பெற்றோர் கேள்வி கேட்பார்கள். கேட்டில் நின்ற செக்யூரிட்டி உள்ளூர்க்காரர். அவர் மகளே ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறாளாம். "நான் இன்னாமா பண்றது? வுடக்கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க" என்று மதுவிடம் வருத்தப்பட்டிருக்கிறார்.

அன்றைக்கு உள்ளே சமைத்ததைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்து, ரோட்டோரப் புங்க மரத்தடியில் எல்லோரும் சாப்பிட்டார்கள். லாரிகள் தூசி கிளப்பிக்கொண்டு போயின. மது வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்.

"அம்மா, இசக்கி அக்கா சாப்பாட்டையே பாக்கலமா. கேட் வழியா அந்த கிளாஸ் ரூம் பில்டிங்கைத்தான் பாத்துக்கினே இருந்தாங்க."

மறுநாள் இதையே போய் கோமதி மேடத்திடம் சொல்லியிருக்கிறாள். உணவு அறிவியல் துறைப் பேராசிரியை. அதிகம் பேசாதவர். சாப்பாட்டுக்கு ஆள் வந்தால் வெளியாள்... படிக்க வந்தால்? அவர் அப்படித்தான் யோசித்தார். சுற்றுவட்டார மக்களுக்கென்று சான்றிதழ் வகுப்பு நடத்திக்கொள்ளலாம் என்று கல்லூரியில் ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. யாரும் தொடாமல் கிடந்தது. அதைத் தூசி தட்டினார். ஞாயிறு காலையில் வகுப்பு. உணவு, ஊட்டம், தோட்டம். வகுப்பு முடிந்ததும் சமையல். சேருகிறவர்களுக்கு அடையாள அட்டை உண்டு. நிர்வாகம் முதலில் தயங்கியது, அப்புறம் சரி என்றது.

இசக்கி முதல் ஆளாகச் சேர்ந்தாள். ஆனால் முதல் வகுப்புக்கு அவளால் வர முடியவில்லை. அன்று கம்பெனியில் ஓ.டி., கூடுதல் நேர வேலை. மறுக்க முடியாது. ஓ.டி. முடிந்து அரக்கப்பரக்க ஓடி வந்தபோது வகுப்பு கலைந்து, சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மேடம் என்னென்ன சொன்னார் என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டாள். பாவம், ஆளுக்கொன்று சொன்னார்கள்.

போன ஞாயிறு அவளுக்கு நைட் ஷிஃப்ட் முடிந்த காலை. ஹாஸ்டலுக்குப் போகாமல், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வகுப்புக்கு வந்துவிட்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தூக்கம் வரவில்லையா என்றேன்.

"வரும்க்கா. இங்கன வந்தா வராது."

நானும் மதுவும் மன்றத்துப் பிள்ளைகளும் பின் வரிசையில் உட்கார்ந்தோம். கோமதி மேடம் வருகைப் பதிவு எடுத்தார். ஒவ்வொரு பெண்ணும் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கி 'ப்ரசென்ட் மேடம்' என்றாள்.

"இசக்கியம்மாள்."

இவள் எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"உள்ளேன் அம்மா."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு தானாகவே நின்றுபோனது. மேடம் அடுத்த பெயருக்கு உடனே போகவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள்... நிற்பதற்குத்தான் இத்தனை தூரம் வந்தவள் போல.

அப்புறம் வெளியே வந்து கேட்டேன். "தானா வந்துட்டுக்கா" என்று வெட்கப்பட்டாள். கம்பெனிக்குப் போனவுடன் மெஷினில் அட்டையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பெயரைக் கூப்பிட்டு, வந்திருக்கிறாயா என்று யாரும் கேட்பதில்லை.

இந்த வகுப்பு சீக்கிரமே முடிந்துவிடும். கையில் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அது டிகிரி இல்லை என்று அவளுக்கும் தெரியும். தபால் வழியில் படிக்கலாமே என்றேன். தலையாட்டினாள். கொஞ்சம் நடந்துவிட்டு, "அதுல கிளாஸ் ரூம் கெடையாதுல்லாக்கா?" என்று கேட்டாள். உங்களுக்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். வாரம் முழுக்க வருகைப் பதிவில் தன் பெயருக்குத் தோழிகளை 'ப்ராக்ஸி' கொடுக்கச் சொல்லிவிட்டு கேன்டீனில் குடியிருக்கும் என் மகள், அன்று வீடு வந்து சேரும் வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை.