மீன்கார குளோரியின் கேமரா

கடற்கரை ஊரான கடியப்பட்டணத்துக் குளோரி மொபெட்டில் மீன்பெட்டி கட்டித் திருவட்டாறு வரைக்கும் வந்து விற்கிறவள். பொம்பளைக்கு எதற்கு இந்த ஓட்டம் என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

2013-இல் துபாயிலிருந்த தம்பி சகாயம் அவளுக்கு ஒரு சின்னக் கேமரா அனுப்பினான். அதை ஹேண்டில்பாரில் கட்டி, கிளம்பும்போதே ஓடவிட்டுவிடுவாள். "சினிமா எடுக்கியா, குளோரி?" என்று என் பலசரக்குக் கடையில் நின்றவர்கள் கேலி செய்தார்கள். நானும்தான்.

"ரோடு என்ன அவனுக அப்பன் வீட்டு முற்றமா, அண்ணாச்சி? உரசிட்டுப் போறவன் மூஞ்சி எனக்கு வேணும்" என்றாள். முன்பு ஒரு பஸ் அவளை ஓடையில் தள்ளிவிட்டு, பழியையும் அவள் தலையில் போட்டிருந்தது.

அந்தக் கார்த்திகையில் நான் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். மாலை போட்டால் வீட்டுக்குள் மீன் வரக்கூடாது. அதில் நான் பெரிய கண்டிப்புக்காரன். ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டும் இருந்தேன். அப்போதுதான் என் வீட்டு முன் வளைவில் ஒரு கார் குளோரியின் மொபெட்டை இடித்துத் தள்ளியது. அவளுக்கு முழங்கைத் தோல் உரிந்தது, மீனெல்லாம் ரோட்டில். காரோட்டி வந்த காண்டிராக்டரோ, அவள்தான் வளைவில் வேகமாகத் தன் கார் பக்கம் ஏறி வந்தாள் என்று புகார் கொடுத்துவிட்டார். வண்டியைப் போலீஸ் பிடித்து வைத்தது. வண்டி போனால் குளோரிக்குப் பிழைப்பே போச்சு. என் மனைவி தாணம்மாளிடம் விசாரித்தேன். "நான் அடுக்களையில நின்னேன், ஒண்ணும் பாக்கல" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கறுப்பு வேட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். குளோரிக்கு என்னைக் கண்டதும் முகம் மாறியது.

"அண்ணாச்சி, நீங்க வெளிய நில்லுங்கோ."

"நான் ஏன் வெளிய நிக்கணும்? ஒனக்காவத்தானே வந்தேன்."

எஸ்.ஐ. கேமராப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டார். வெறும் வெள்ளை. மீன் அள்ளிய கையாலேயே கேமராவைத் தொட்டிருக்கிறாள். லென்ஸில் செதில் ஒட்டியிருக்கிறது. காண்டிராக்டர் சிரித்தார். எஸ்.ஐ. சத்தத்தைக் கூட்டப் போனார்.

"சத்தம் வேண்டாம், சாரே" என்றாள் குளோரி. அவர் கேட்கவில்லை.

எஞ்சின் நிற்கிற சத்தம். பெட்டி மூடி திறக்கிறது. பிறகு ஒரு பெண்குரல்: "ஏட்டி, சாளை பெருசா பாத்துப் போடு. பிள்ளைக்கு மீனில்லாம சோறு எறங்கல. பக்கத்து வீட்டுல வச்சுப் பொரிச்சுக்கிடுவேன். அவரு மாலை போட்டிருக்காரு, அறிஞ்சா ஆடித் தீத்துருவாரு." குளோரி சிரிக்கிறாள். உடனே டயர் கிறீச்சிட்டு, மடார் என்று ஒரு இடி.

எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது.

"வண்டி நின்னுட்டுல்லா இருந்திருக்கு" என்றார் எஸ்.ஐ.

"இது வேற எங்கயோ எடுத்தது, சார்" என்றார் காண்டிராக்டர். "அந்தப் பொம்பளை யாருன்னு சொல்லச் சொல்லுங்க."

குளோரி என் பக்கம் திரும்பவே இல்லை. "வழியில வாங்குன யாரோ, சாரே. பேரு தெரியாது."

அவள் மொபெட் சக்கரம் வளைந்து வெளியே கிடக்கிறது. அதைக் காப்பாற்ற ஒரு பெயர் போதும். சொல்லமாட்டேன் என்று நிற்கிறாள். தாணம்மாள் மேல் பொங்கிய கோபம் அப்படியே என் மேல் திரும்பியது. வெட்கமாக இருந்தது.

"அது என் வீட்டுக்காரி தாணம்மாள், சார். இடிச்ச இடம் எங்க வீட்டு முன்னாலதான். எழுதிக்கிடுங்க" என்றேன்.

குளோரி தலையில் கைவைத்தாள். "போச்சு, அண்ணாச்சி. இனி அக்கா எனக்கிட்ட மீன் வாங்கமாட்டாவ."

"வாங்குவா. வண்டி சரியானதும் நீ எங்க வீட்டு முன்னாலயே நிறுத்து. நானே அவளக் கூப்பிட்டு விடுதேன்" என்றேன்.