அப்பாவின் உலை

அக்கா பெரியவளானதற்குச் சாமத்தியவீடு வைத்தபோது அப்பா வரவில்லை. வெளிநாட்டில் ஓர் உருக்காலையில் அவருக்கு வேலை. எரிகிற உலையை விட்டுவிட்டு வர ஏலாதாம் என்று வந்தவர்களுக்கெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். பாலையூற்றில் எங்கள் வீட்டுப் பந்தலுக்குள் அதை முழுசாக நம்பியவள் நான்தான்.

நம்பியதோடு நின்றிருக்கலாம். பத்து வயதில் எதையும் கரைத்துக் குடிக்கிற வியாதி எனக்கு. அம்மாவின் போனில் வீடியோக்களாகப் பார்த்து உருக்காலை முழுவதையும் படித்து வைத்திருந்தேன்.

தம்பலகாமத்துப் பெரியப்பா கதிரையில் சாய்ந்துகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தம்பிக்கு மகளை விட இரும்பு பெரிசாப் போச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற நடுப்பந்தலில் போய் நின்றேன். இரும்புத் தாதையும் கற்கரியையும் சுண்ணாம்புக்கல்லையும் உலையின் மேலே கொட்டுவது, கீழிருந்து சூடான காற்றை ஊதுவது, உருகிய இரும்பு அடியால் வருவது, அதற்குள் ஒட்சிசன் செலுத்தி உருக்காக்குவது, வார்த்துத் தகடாக உருட்டுவது, எல்லாம் ஒரே வளவுக்குள் என்று மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன்.

"உலையை நிப்பாட்டினா உள்ளுக்க இரும்பு இறுகிப் போயிடும், பெரியப்பா. அதால இரவு பகலா எரியும்."

"அப்ப அப்பா நித்திரையே கொள்றேல்லையோ, பிள்ளை?"

"கொள்ளுவார்தானே! மூண்டு ஷிப்ட் இருக்கு. ஒராள் லீவில போனா வேற ஆளைப் போடுவினம்."

பெரியப்பா சிரித்திருந்தாலாவது பரவாயில்லை, அவர் தலையைக் குனிந்துகொண்டார். குசினி வாசலில் நின்ற அம்மா யாரையும் பார்க்காமல், "சாப்பாடு ஆறுது, எல்லாரும் வாங்கோ" என்றார்.

எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. விளக்கத்தில் ஏதோ பிழை விட்டு அப்பாவைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று வெட்கப்பட்டேன். பின்னேரம் அப்பா போன் எடுத்ததும் முதல் வேலையாக, "மூண்டு ஷிப்ட்தானே, அப்பா?" என்று கேட்டேன். அம்மா போனை வாங்கி, "எல்லாம் வடிவா நடந்தது. நீங்கள் ஏன் வரேல்லை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார்.

அம்மா இப்படிப் பொய் சொன்னது எனக்குப் பிடிக்கவே இல்லை. வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது: அப்பா அந்த ஆலையை விட்டு வெகுநாளாகி, விசா இல்லாமல் எங்கேயோ மறைந்து வேலை செய்துகொண்டிருந்தார். வந்தால் திரும்பிப் போக முடியாது. அக்காவுக்குக்கூட அது தெரியும். என் வாய்க்குப் பயந்து எனக்கு மட்டும்தான் சொல்லவில்லை.